பசுவின் வெள்ளைத் தோல் மட்டும் உரிந்தது ஏன்? வாசகர் கேள்விக்கு ஒரு கால்நடை வைத்தியரின் பதில்

கேள்வி: நாங்கள் நெடுங்கேணிக்கு அண்மையிலுள்ள ஒரு கிராமத்தில் இருக்கிறோம். எங்களிடம் கறுப்பும் வெள்ளையும் கலந்த ஒரு கலப்பினப் பசுவும், நாட்டு மாடுகள் நான்கும், ஆடுகள் ஐந்தும் இருந்தன. கலப்பினப் பசுவைக் கடந்த தை மாதத்தில்தான் வெளி மாவட்டத்திலிருந்து வாங்கினோம். அது தன் கச்சான் தோட்டத்துக்குள் இறங்கிவிட்டதென்று பக்கத்துக் காணிக்காரர் ஆனி மாதத்தில் சண்டைக்கு வந்தார். அதன் பின்னர் அதைக் குளக்கட்டின் ஓரத்தில் கயிற்றில் கட்டினோம். நான்கைந்து நாட்களில் அதன் காதும் மூக்கும் முலைக்காம்பும் வெந்தது போலாகி, உடலில் வெள்ளைத் தோல் உள்ள இடமெல்லாம் தகடு தகடாக உரிந்தது. யாரோ அசிட் ஊற்றியிருக்கிறார்கள் என்று ஊரில் சொன்னதால் பொலிஸில் முறைப்பாடு கொடுத்தோம். அடுத்த கிழமை மரவள்ளி கிண்டி, இலையையும் கிழங்குத் தோலையும் ஆட்டுக் கொட்டிலில் போட்டோம். ஒரு மணித்தியாலத்துக்குள் பெரிய ஆடுகள் மூன்றும் மூச்சுத் திணறி, வாயில் நுரை தள்ளிச் செத்தன; அவற்றைப் புதைத்துவிட்டோம். பல்முரசு நல்ல சிவப்பாக இருந்தது. குட்டிகள் இரண்டும் தப்பிவிட்டன. பாம்பு கடித்ததா, நஞ்சு வைத்தார்களா? பசுவின் பாலைக் குடிக்கலாமா? எங்கள் ஆறு வயது மகன் குன்றிமணி பொறுக்கி விளையாடுகிறான். மழை தொடங்கினால் வேலியோரத்தில் கார்த்திகைக் கொடியும் முளைக்கும். எந்தெந்தச் செடிகளை அழிக்க வேண்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை முதல் முறை வாசித்தபோது உங்கள் அயலவர் மீது எனக்கும் சந்தேகம் எழுந்ததை மறைக்க வேண்டியதில்லை. இரண்டாம் முறை வாசிக்கும்போதுதான், ‘வெள்ளைத் தோல் உள்ள இடமெல்லாம்’ என்று நீங்கள் போகிற போக்கில் எழுதியிருந்த சொற்களில் கண் நின்றது. அசிட்டுக்குக் கறுப்பும் தெரியாது, வெள்ளையும் தெரியாது. ஊற்றியவர் எவ்வளவு திட்டமிட்டு ஊற்றினாலும் அது முதுகிலிருந்து வயிற்றை நோக்கிக் கோடு கோடாக வழிந்து, வழிந்த பாதையில் அகப்பட்ட கறுப்புத் தோலையும் சேர்த்தே பொசுக்கியிருக்கும். உங்கள் பசுவின் விலாவில் கறுப்பும் வெள்ளையும் சந்திக்கும் இடத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள். உரிந்த தோல் அந்த எல்லையில் கத்தியால் கீறியது போல் நின்றுவிட்டிருந்தால், கறுப்பு மயிர் தொடங்கும் இடத்திலிருந்து தோல் வழவழப்பாகவும் முழுமையாகவும் இருந்தால், தோலைச் சுட்டது வெயிலே. மனிதக் கையால் அப்படிச் சுட முடியாது.

பசுவை நேரில் பார்க்காமல் முடிவாக எதையும் சொல்லக்கூடாது என்பதை அறிவேன். உங்கள் பிரதேசக் கால்நடை வைத்தியர் அதைப் பார்த்தேயாக வேண்டும். ஆயினும், அவர் வருவதற்கு முன்னர் நீங்களே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. பசுவைக் கட்டியிருந்த கட்டைக்குப் போய், கயிற்றின் நீளத்துக்கு ஒரு வட்டம் நடந்து வாருங்கள். அந்த வட்டத்துக்குள் புல் அடியோடு கரம்பப்பட்டு, அதன் விளிம்பில் நிற்கும் நாயுண்ணிப் பற்றையில் பசுவின் வாய் எட்டும் உயரம் வரைக்கும் இலை இல்லாமல் வெறும் தடிகள் நின்று, அதற்கு மேலே மட்டும் இலையும் பூவும் இருந்தால், நடந்தது என்னவென்று வேறு யாரும் வந்து சொல்லத் தேவையில்லை. வன்னியின் குளக்கட்டுகளிலும், இடம்பெயர்வுக் காலங்களில் ஆளில்லாமல் கிடந்த காணிகளிலும் நாயுண்ணி இல்லாத இடத்தைக் காண்பதே அரிது. கச்சான் காற்று வீசிப் புல்லெல்லாம் கருகிப்போகும் ஆனி, ஆடி மாதங்களில் அது மட்டும் பச்சையாக நிற்கும்.

நாயுண்ணியின் இலையில் லன்ரடீன் எனப்படும் சேர்வைகள் உள்ளன. இவை நேராகத் தோலைத் தாக்குவதில்லை. குடலிலிருந்து ஈரலுக்குப் போய், ஈரலிலிருந்து பித்தம் வடியும் மிக நுண்ணிய வழிகளை இயங்காமற் செய்துவிடுகின்றன. பித்தம் வெளியேறாமல் இரத்தத்தில் தேங்குவதால் கண்ணின் வெண்பகுதியும் முரசும் மஞ்சளாகின்றன, சிறுநீர் கடுமையான நிறமாகிறது, சாணம் இறுகிப் போகிறது. தோல் உரிவதற்கான காரணம் இதற்கு அடுத்த படியில் இருக்கிறது. அசைபோடும் விலங்கின் முதல் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்கள் புல்லின் பச்சையத்தை உடைக்கும்போது பைலோஎரித்திரின் என்ற ஒரு பொருள் உண்டாகிறது. நல்ல உடல்நிலையிலுள்ள மாட்டிலும் இது அன்றாடம் உண்டாகிப் பித்தத்தோடு கழிந்துபோவதால் தீங்கு எதுவும் இல்லை. பித்த வழி அடைபட்ட மாட்டிலோ அது இரத்தத்தில் சேர்ந்து தோலின் நுண்குழாய்கள் வரை வந்து நிற்கிறது. அங்கே வெயில் பட்டதும் ஒளியை உறிஞ்சி, சுற்றியுள்ள கலங்களை எரிக்கத் தொடங்குகிறது. கறுப்புத் தோலில் நிறப்பொருள் குடைபோல் நின்று ஒளியைத் தடுத்துவிடுகிறது. வெள்ளைத் தோலுக்கும், மயிர் அடர்த்தியில்லாத காது, மூக்கு, முலைக்காம்பு ஆகியவற்றுக்கும் அந்தக் குடை இல்லை. எனவே உங்கள் பசு தின்றது நாயுண்ணி இலை, கெட்டது ஈரல், சுட்டது வெயில். பார்வைக்குத் தெரிந்தது கடைசியில் நடந்தது மட்டுமே.

இதை இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம், நானே ஒருமுறை இதில் ஏமாந்ததுதான். பணி தொடங்கிய முதல் வருடத்தில், வெள்ளை நாம்பன் ஒன்றின் காதும் முதுகும் உரிந்திருந்ததைப் பார்த்துவிட்டு அது பூஞ்சணத் தொற்று என்று முடிவுசெய்து, மருந்து பூசி, ‘ஈரம் பிடிக்காமல் நல்ல வெயிலில் கட்டுங்கள்’ என்று சொல்லிவிட்டு வந்தேன். நான்கு நாள் கழித்துப் போனபோது, நாம்பன் வெயிலில் இல்லை. பட்டிக்காரப் பெரியவர் என் சொல்லை மதிக்காமல் அதைப் பாலை மர நிழலில் கட்டி, வைக்கோலும் தண்ணீரும் கொடுத்துக்கொண்டிருந்தார். ‘அது வெயிலைக் கண்டால் ஓடுது ஐயா, அதுக்குத் தெரியாததா’ என்றார். அவர் என் சொற்படி நடந்திருந்தால் நாம்பன் செத்திருக்கும்.

ஆகவே முதல் வேலையாகப் பசுவை நிழலுக்குக் கொண்டுபோங்கள். மரத்தின் நிழல் நகர்ந்துகொண்டே இருப்பதால், கூரையுள்ள கொட்டில் நல்லது. தோல் ஆறும்வரை மேய்ச்சலுக்கு விடுவதானால் இரவில் மட்டும் விடலாம். பச்சைத் தீனியைக் குறைத்து வைக்கோல் கொடுத்தால், பச்சையத்திலிருந்து உண்டாகும் அந்தப் பொருளும் குறையும். தண்ணீர் எப்போதும் எட்டும் இடத்தில் இருக்கட்டும். புண்களில் இலையான் மொய்த்துப் புழு வைக்காமல் இருக்க, அவற்றைச் சுற்றி வேப்பெண்ணெய் தடவலாம். நாயுண்ணி நஞ்சின் இன்னொரு கொடுமை, அது முதல் இரைப்பையின் அசைவையே நிறுத்திவிடுவதாகும். தின்ற இலை அங்கேயே கிடந்து, நாட்கணக்கில் நஞ்சைக் கசியவிட்டுக்கொண்டிருக்கும். அதனால்தான் சில நாள் கடந்த பின்னரும் வைத்தியர்கள் செயற்படுத்திய கரியைப் பெருமளவு தண்ணீரில் கலந்து குழாய் மூலம் இரைப்பைக்குள் செலுத்துகிறார்கள். கரி நஞ்சைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அடுப்புக்கரி இதற்கு ஈடாகாது. தலையைத் தூக்கிப் பிடித்துப் போத்தலால் எண்ணெயோ புளிக்கரைசலோ பருக்குவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். சோர்ந்த மாட்டுக்கு அது நுரையீரலுக்குள் போய், நாயுண்ணி கொல்லாததைக் கொன்றுவிடும்.

நாட்டு மாடுகள் நான்கும் அதே ஊரில் மேய்ந்தும் ஒன்றும் ஆகவில்லையே என்று நீங்கள் கேட்கக்கூடும். உங்கள் அயலவர் மீதான சந்தேகம் வலுப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். நாயுண்ணி வளரும் நாடுகளிலெல்லாம் அதற்கு அதிகம் பலியாவது புதிதாகக் கொண்டுவரப்பட்ட மாடுகளே. அந்த இடத்தில் பிறந்து வளர்ந்த மாடு தாயின் பின்னால் நடந்தே எதைத் தொடக்கூடாது என்பதைக் கற்றுக்கொள்கிறது. தை மாதத்தில் லொறியில் வந்து இறங்கிய மாட்டுக்கு அந்தப் படிப்பு இல்லை. படிப்பு இருந்திருந்தாலும் பயன்பட்டிருக்குமா என்பது வேறு விடயம். ஏனென்றால் கயிற்றில் கட்டப்பட்ட மாடு எட்டியதைத்தான் தின்னும். நம் முன்னோர் ஒரு செடிக்கு ஆடாதோடை என்றும் இன்னொன்றுக்கு ஆடுதின்னாப்பாளை என்றும் பெயர் வைத்தார்கள். ஆடு தொடாது, தின்னாது என்பதே பெயராயிற்று. கசப்பும் நாற்றமும் நஞ்சுள்ள செடி தன் மேல் ஒட்டி வைத்திருக்கும் அறிவித்தல். அந்த அறிவித்தலை மாடு மீறுவது பசியிலும் கயிற்றிலும்தான். என் அனுபவத்தில் நஞ்சுச்செடியால் செத்த மாடுகளில் பெரும்பாலானவை வரட்சியின் முடிவிலோ, காலபோக விதைப்புக்காகப் பட்டிகளைக் காட்டுப் பக்கம் ஓட்டிவிட்ட முதற்கிழமைகளிலோ, கட்டி வைத்த இடத்திலோதான் செத்திருக்கின்றன.

உங்கள் ஆடுகளின் கதை வேறு. அதில் நஞ்சு வைத்தது யார் என்று கேட்டால், மனம் நோகாமல் கேளுங்கள், மரவள்ளியே வைத்தது. ஒரு பாம்பு ஒரு மணித்தியாலத்துக்குள் மூன்று பெரிய ஆடுகளைத் தேடித் தேடிக் கடித்து, குட்டிகளை விட்டுவிட்டுப் போகாது. பெரிய ஆடுகள் முட்டித் தள்ளிக்கொண்டு முதலில் தின்றன, குட்டிகளுக்குக் கிடைக்கவில்லை, அதனால் பிழைத்தன என்பதுதான் இயல்பான விளக்கம்.

மரவள்ளியின் இலையிலும் கிழங்குத் தோலிலும் லினமரின் என்ற கிளைக்கோசைட்டு, அதாவது வெல்லம் இணைந்த ஒரு சேர்வை, இருக்கிறது. அது தனியாக இருக்கும்வரை கிட்டத்தட்ட ஒன்றும் செய்யாது. அதை உடைக்கும் நொதியமும் அதே இலையில்தான் இருக்கிறது, ஆனால் கலத்தின் வேறொரு அறையில். நெருப்புப் பெட்டியும் மண்ணெண்ணெயும் ஒரே வீட்டில் வெவ்வேறு அறைகளில் இருப்பதைப் போன்ற நிலை இது. இலையை மென்றாலோ, நசித்தாலோ, வெட்டினாலோ அறைகள் உடைந்து இரண்டும் சேர்ந்து, ஐதரசன் சயனைட்டு வெளிப்படுகிறது. ஆட்டின் இரைப்பை இந்தக் கலவைக்கு மிகவும் வசதியான இடம்; இளஞ்சூடும் ஈரமும் கடுமையில்லாத அமிலநிலையும், கிளைக்கோசைட்டைத் தாமே உடைக்கவல்ல நுண்ணுயிர்களும் அங்கு உண்டு. சயனைட்டு இரத்தத்தோடு கலந்து, உடற்கலங்கள் ஒட்சிசனைப் பயன்படுத்தும் கடைசிப் படியை அடைத்துவிடுகிறது. நுரையீரல் வேலை செய்கிறது, இரத்தத்தில் ஒட்சிசன் நிறைந்திருக்கிறது, ஆனால் அதை எடுத்துக்கொள்ளக் கலங்களால் இயலவில்லை. எடுக்கப்படாத ஒட்சிசனோடு சுற்றும் இரத்தம் நாளங்களிலும் சிவப்பாகவே இருப்பதால்தான் மூச்சுத் திணறிச் செத்த ஆட்டின் முரசு நீலம் பாரிக்காமல் நல்ல சிவப்பாக இருந்தது. நீங்கள் அதைக் கவனித்து எழுதியதற்காக உங்களைப் பாராட்ட வேண்டும். பல நேரங்களில் அந்த ஓர் அடையாளம்தான் எங்களுக்குக் கிடைக்கும் சாட்சி.

வரட்சியில் தவித்த மரவள்ளியில் இந்த நஞ்சு கூடுதலாக இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். கடந்த ஆண்டு அதே இலையை அதே ஆடுகளுக்குப் போட்டு ஒன்றும் ஆகாதிருந்தால், அது மழைக்காலமாகவோ, ஆடுகள் ஏற்கனவே வயிறு நிறைந்திருந்த நேரமாகவோ இருந்திருக்கலாம். இறுங்குப் பயிரிலும் இதே சங்கதிதான்: முற்றிய தட்டை பெரும்பாலும் ஆபத்தில்லாதது, வெட்டிய அடியிலிருந்து வரட்சிக்குப் பின் துளிர்த்து முழங்கால் உயரத்துக்கு வந்த குருத்தைத் தின்ற மாடு தொழுவம் திரும்பாது. இதற்கு மருந்து இல்லையென்று சொல்ல முடியாது. சோடியம் நைத்திரைற்றும் சோடியம் தயோசல்பேற்றும் நாளத்தில் ஏற்றினால், விழுந்த மாடும் எழும்பும். ஆனால் மருந்துக்கு ஆள் அனுப்பும் நேரத்துக்குள் ஆடு செத்துவிடுகிறது என்பதே நடைமுறை. ஆகவே தடுப்பதுதான் வழி. இலையைச் சிறு துண்டுகளாக நறுக்கி, சாக்கில் மெல்லியதாகப் பரப்பி, இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவிடுங்கள். ஐதரசன் சயனைட்டு 26 பாகை செல்சியசிலேயே ஆவியாகிவிடும் என்பதால் வன்னி வெயில் அதை எளிதில் விரட்டிவிடும். குவியலாகப் போட்டு வாடவிடுவது வேறு, பரப்பிக் காயவைப்பது வேறு. அரைகுறையாக வாடிய குவியல் பச்சை இலையைப் போலவே ஆபத்தானது. மரவள்ளிக் கிழங்கை அவிக்கும்போது சட்டியைத் திறந்து வைக்க வேண்டும் என்று எங்கள் பாட்டிமார் சொன்னதிலும் இதே காரணம் இருக்கிறது. மரவள்ளி சாப்பிட்டால் இஞ்சி சேர்க்காதே என்ற எச்சரிக்கையும் நம் வீடுகளில் உண்டு. அதில் இஞ்சி குற்றவாளியோ இல்லையோ, மரவள்ளிக்குள் ஒரு நஞ்சு இருக்கிறது என்ற நினைவை அது தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்திருக்கிறது.

‘காய்ந்தால் நஞ்சு போய்விடும்’ என்பதை எல்லாச் செடிக்கும் பொது விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கோயிலுக்குப் பூப் பறிக்கவென்று வேலியோரத்தில் நிற்கும் அலரியின் இலை எவ்வளவு காய்ந்தாலும் நஞ்சு குறைவதில்லை. இருதயத்தின் துடிப்பைக் குழப்பும் கிளைக்கோசைட்டுகள் அதில் அப்படியே இருக்கும். வளர்ந்த மாடொன்றைக் கொல்வதற்குப் பத்திருபது இலைகள் போதும். பச்சையாக நிற்கும்போது மாடு அதை முகர்ந்துவிட்டு விலகிப்போகும். வேலியைக் கத்தரித்து வெட்டுத்தழையைப் பாதையோரத்தில் போட்டுவிட்டுப் போனால், வாடிக் கசப்புத் தெரியாமற்போன தழையை அதே மாடு தின்றுவிடும். நாயுண்ணியை வெட்டித் துப்புரவு செய்யும்போதும் இதே கவனம் வேண்டும். வெட்டிய பற்றையை அன்றே மாடு எட்டாத இடத்தில் குவித்து எரியுங்கள்.

மஞ்சள் அலரியின் கொட்டையைப் பற்றி இங்கு விரிவாக எழுத விரும்பவில்லை. வடக்கில் அதனால் நேர்ந்த துயரங்களை அறியாதவர் இல்லை. உங்கள் வளவில் அது நின்றால் எடுத்துவிடுங்கள். பிள்ளையொன்று அதை வாயில் வைத்ததாகச் சந்தேகம் எழுந்தாலே, பிள்ளை நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாலும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

குன்றிமணியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதிலுள்ள அப்ரின் என்ற புரதம் கலங்கள் புரதம் உண்டாக்கும் பொறியையே முடக்கிவிடும். தாவர நஞ்சுகளில் மிகக் கொடியவற்றுள் ஒன்று. அப்படியிருந்தும், விழுங்கிய பிள்ளைகள் பலர் தப்பிவிடுவதற்குக் காரணம் அதன் ஓடு. உடையாத விதை குடலில் கரையாமல் அப்படியே வெளியேறிவிடும். கடித்து உடைத்தது, ஊசியால் துளையிட்டு மாலை கோத்தது, இன்னும் முற்றாத மென்மையான விதை ஆகியவைதான் ஆபத்தானவை. உங்கள் மகனிடமிருந்து அவற்றை வாங்கிக்கொண்டு புளியங்கொட்டையைக் கொடுங்கள். பல்லாங்குழி ஆட அதுவே போதும். வேலியில் காட்டாமணக்குக் கதியால் இருந்தால் அதையும் கவனியுங்கள். அதன் பருப்பு கச்சானைப் போல் சுவையாக இருப்பதால் பிள்ளைகள் நண்பர்களுக்கும் பங்கிட்டுத் தின்றுவிட்டு, கூட்டமாக வாந்தியெடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்கு வருவது நம் பக்கத்தில் புதிதல்ல. நாயுண்ணிப் பழத்தைப் பொறுத்தவரை, கறுத்துப் பழுத்ததை நாங்களும் தின்றே வளர்ந்தோம்; பச்சைக் காயைத் தின்னக்கூடாது என்று மட்டும் சொல்லி வையுங்கள்.

கார்த்திகைக் கொடியை அழிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உங்களுக்கும் வராதென்று நினைக்கிறேன். அதன் பூ யாரையும் கொல்லத் தேடி வருவதில்லை. ஆபத்து மண்ணுக்குள் இருக்கும் கிழங்கில்தான் பெரும்பாலும் இருக்கிறது. கலப்பையைப் போல் இரண்டாக வளைந்த அந்தக் கிழங்கை வத்தாளங்கிழங்கு என்றோ காட்டுக் கிழங்கு என்றோ மயங்கி அவித்துத் தின்றவர்கள் உண்டு. அதிலுள்ள கொல்கிசின் அவித்தாலும் அழியாது. அது கலங்கள் இரண்டாகப் பிரிவதைத் தடுக்கும் நஞ்சு என்பதால், உடலில் எங்கெல்லாம் கலங்கள் வேகமாகப் பெருகுகின்றனவோ அங்கெல்லாம் அடிக்கும்: முதலில் குடல், பின்னர் எலும்பு மச்சை, கடைசியாக மயிர்க்கால். தின்ற சில மணித்தியாலங்களில் கடும் வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்கும்; இரண்டாம் மூன்றாம் நாளில்தான் உயிருக்கு ஆபத்தான கட்டம் வரும்; அதைத் தாண்டிப் பிழைத்தவருக்கு ஓரிரு கிழமையில் தலைமயிர் கொத்துக் கொத்தாகக் கொட்டும். இலங்கையில் ஒருவருக்கு இந்தக் கிழங்கால் உடல் முழுவதும் மயிர் உதிர்ந்த செய்தி 1966ஆம் ஆண்டிலேயே பிரித்தானிய மருத்துவ இதழில் வெளிவந்திருக்கிறது. வாந்தி நின்றுவிட்டது, இனிப் பயமில்லை என்று நோயாளியை வீட்டுக்குக் கூட்டிவருவதுதான் இதில் நடக்கும் பெரும் பிழை. கொடி காய்ந்த மாதங்களில் கிழங்கை அடையாளம் காண வழியில்லை. கொடி உயிரோடு நிற்கும் கார்த்திகையில் இலை நுனியைப் பாருங்கள். அது நீண்டு சுருண்டு, எட்டியதைப் பற்றிக்கொள்ளும். அப்படி இலை நுனியாலேயே பற்றி ஏறும் கொடியின் அடியில் இருப்பதைக் கிண்டக்கூடாது என்று மகனுக்கு இப்போதே காட்டிக்கொடுங்கள்.

ஆடுதின்னாப்பாளையை மேலே குறிப்பிட்டதால் ஒரு வார்த்தை. குடற்புழுவுக்கென்று அதன் சாற்றைக் குடிக்கும் வழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. அதிலுள்ள அரிஸ்டலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைப் பாழாக்குவதோடு, மனிதரில் புற்றுநோயை உண்டாக்குவது ஐயமற நிறுவப்பட்ட பொருள்களில் ஒன்று. சிறுநீரக நோய் ஏற்கனவே பலரை வாட்டும் வவுனியா, முல்லைத்தீவுப் பக்கங்களில் அதை வாயால் எடுக்க வேண்டிய தேவை எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆடு சரியாகத்தான் முடிவெடுத்திருக்கிறது.

யாராவது எதையாவது தின்றுவிட்டால் வாந்தியெடுக்க வைக்க முயலாமல், தின்ற செடியின் இலையும் காயும் உள்ள ஒரு கிளையைக் கையோடு எடுத்துக்கொண்டு 1990 இலவச நோயாளர் வண்டியை அழையுங்கள். வைத்தியர்களுக்குச் சந்தேகம் வந்தால் கொழும்பு தேசிய வைத்தியசாலையிலுள்ள நச்சுத் தகவல் நிலையத்தில் கேட்டறிவார்கள். கிளை கையில் இருந்தால் அந்தக் கேள்விக்குப் பதில் விரைவாக வரும்.

எந்தெந்தச் செடிகளை அழிப்பது என்ற கேள்விக்கு வருகிறேன். காஞ்சூரமோட்டை என்ற ஊர் உங்களுக்குத் தூரமில்லை. ஸ்ரிக்னின் நஞ்சுள்ள காஞ்சூரை மரத்தின் பெயரையே தனக்கு வைத்துக்கொண்ட அந்த ஊரிலும் மனிதரும் மாடும் வாழ்ந்துதான் வந்திருக்கிறார்கள். வன்னியின் நஞ்சுச்செடிகளையெல்லாம் அழிப்பதானால் காட்டில் பாதி மிஞ்சாது. ஒன்றை மட்டும் இரக்கமில்லாமல் பிடுங்குங்கள்: பாத்தீனியம். அது நம் மண்ணின் செடியில்லை. இலங்கையில் அது முதன்முதலாக அறியப்பட்டது 1999ஆம் ஆண்டு வவுனியாவில்தான். 1987இல் வந்த இந்திய அமைதிப் படையினர் உணவுக்காகக் கொண்டுவந்த ஆடுகளோடு விதை வந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. கரட் இலையைப் போன்ற இலையும் சிறு வெள்ளைப் பூவும் உடைய அந்தச் செடியின் பாத்தெனின், தொடுபவரின் தோலில் கடும் அரிப்பை உண்டாக்கும். தின்ற பசுவின் பால் கசக்கும். அதிகம் தின்றால் மாடே சாகும். பூப்பதற்கு முன்னர், கையுறை இல்லாவிட்டால் யூரியாப் பையையாவது கையில் சுற்றிக்கொண்டு வேரோடு பிடுங்குங்கள். நாயுண்ணியைக் கொட்டிலைச் சுற்றியும் மாடு கட்டும் இடத்திலும் மட்டும் அகற்றினால் போதும். மழை பெய்து மண் இளகிய பின்னர் வேரோடு வரும். மற்றவற்றை விட்டுவிட்டு, அந்த உழைப்பை ஆனி, ஆடிக்கு வேண்டிய தீனியைச் சேர்ப்பதில் போடுங்கள். மாசி, பங்குனியில் சூடடித்த வைக்கோலை மழை படாமல் போராக வைத்தால், ஒரு பசுவும் நான்கு மாடுகளும் வரட்சியைத் தாண்டிவிடும். வயிறு நிறைந்த மாட்டுக்கு நாயுண்ணி வெறும் பற்றைதான்.

பால், இறைச்சி பற்றி: கண்ணும் முரசும் மஞ்சளாக இருக்கும்வரை அந்தப் பாலை வீட்டில் பயன்படுத்த வேண்டாம், பால் சபைக்கும் கொடுக்க வேண்டாம், தாவர நஞ்சுகளில் சில பாலில் இறங்கும். ஆடுகளைப் புதைத்தது சரி. இனியொருமுறை விலங்கு எதுவும் திடீரென்று செத்து, மூக்காலும் ஆசனவாயாலும் உறையாத கறுத்த இரத்தம் வடிந்தால், அதைக் கத்தியால் தொடாமல் வைத்தியருக்கு அறிவியுங்கள். அது அந்திராக்ஸ் நோயாக இருந்தால் அறுப்பவரின் உயிருக்கும் ஆபத்து.

பொலிஸ் முறைப்பாட்டை என்ன செய்வது என்று நீங்கள் என்னிடம் கேட்கவில்லை. ஆனாலும் கால்நடை வைத்தியர் வந்து பார்க்கும்போது, ஈரல் பாதிப்பால் ஏற்பட்ட ஒளிக்கூருணர்வு (மேலே சொன்னபடி வெயில் பட்டுத் தோல் எரிதல்) என்று அவர் கண்டால், அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்தத் தாளின் ஒரு பிரதியைப் பொலிஸுக்குக் கொடுங்கள். மற்றதை எடுத்துக்கொண்டு பக்கத்துக் காணிக்காரரையும் கூட்டிக்கொண்டு குளக்கட்டுக்குப் போய், கயிற்றின் நீளத்துக்கு அந்த வட்டத்தை அவரோடு சேர்ந்து ஒருமுறை நடந்து பாருங்கள்.